ஏழு நாள் முகாமும் முப்பது நிமிடப் பதிவும்

கல்லூரி விடுமுறையில் முன்னாள் படைவீரரிடம் போய்ச் சேரும் மாணவருக்கு இரண்டு வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கு நன்கு பழகியது. மற்றொன்று, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டம். அங்கே மாணவர் ஒரு படைவீரரை எதிரே அமர்த்தி, குறைந்தது 30 நிமிடம் பேசவிட்டு, பதிவை நூலகத்துக்கு அனுப்பிவைக்கிறார். முன்னது கையால் செய்யும் தொண்டு, பின்னது காதால் செய்வது. நெருங்கிப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிலைக்காது.

பிறப்பிலேயே ஒரு முரண். நம் முகாம் அறிக்கையில் ராணுவம் தலைகாட்டாமலே போகலாம். ஆனால் அத்திட்டம் பிறந்தது ராணுவப் பயிற்சியின் நிழலில்தான். 1962 சீனப் போருக்குப் பின் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை கட்டாயமானது. அந்தக் கட்டாயம் தளர்ந்தபோது, அணிவகுப்புக்கு மாற்றாக மாணவர் தேர்ந்துகொள்ளத்தக்க பணியாக, காந்தி நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. அமெரிக்கத் திட்டமோ முழுக்கவே படைவீரர்களுக்கானது. 2000 அக்டோபரில் சட்டமாக இயற்றப்பட்டது. ஆனால் அதைப் பேணுவது அந்நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையம். கிராமத்தை நோக்கிய திட்டம் பாசறைக்கு அருகில் பிறந்திருக்கிறது. பாசறையை நோக்கிய திட்டம் நாட்டுப்பாடல்களோடு குடியிருக்கிறது.

இரண்டுக்கும் அளவுகோல் மீது தீராத ஆசை. இங்கே இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதற்கு மேல் முகாம். அங்கே 30 நிமிடத்துக்குக் குறையாத, வெட்டி ஒட்டாத பதிவு. அல்லது பத்துக்குக் குறையாத புகைப்படங்கள். அல்லது 20 பக்கத்துக்குக் குறையாத நினைவுக்குறிப்பு. அங்கே எண்ணப்படுவது பேச்சு, இங்கே உழைப்பு. எண்ணி வைப்பது இங்கே பழைய வழக்கம்: வேலூர் நீள பஜாரின் மணிக்கூண்டுக் கல்வெட்டு, முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும் 14 பேர் உயிர் நீத்ததையும் சொல்கிறது. அவர்கள் கண்டது என்ன என்பதற்குக் கல்லில் இடமில்லை. இத்தனை மரக்கன்று, இத்தனை வீடு என்று முடியும் முகாம் அறிக்கையும் அந்தக் கல்லின் வம்சம்தான்.

படைவீரரும் வேறு. அமெரிக்கச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது ஓர் அவசரம்: இரண்டாம் உலகப் போரில் நின்றவர்கள் நாளுக்கு நாள் மறைந்துகொண்டிருந்தார்கள். கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் இந்த வட்டாரத்தில், 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்றால் கிழவர் என்று பொருளில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பதைத் தொடும் வயதில் ஓய்வு பெற்று, ஏதேனும் ஒரு வங்கியிலோ தொழிற்சாலை வாயிலிலோ மறுபடி சீருடையில் நிற்கிறார். முகாம் மாணவர் பகலில் வீட்டில் காண்பது பெரும்பாலும் அவரைவிட மூத்த தலைமுறையை, அல்லது குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மாவை. அவர்களுக்கு முதலில் வேண்டியது வரலாறு அல்ல. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆண்டுக்கொருமுறை வாழ்நாள் சான்று பதிய வேண்டும், ஆதாரோடு செல்பேசி எண் ஒத்துப்போக வேண்டும், ஓ.டி.பி. வந்த வேகத்தில் அதைத் தட்ட வேண்டும். பத்தொன்பது வயது விரல்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

எதிர்பாராத உறவு இங்கேதான் வெளிப்படுகிறது. ஓய்வூதியப் பதிவில் ஏதேனும் திருத்த வேண்டுமானால் டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புக் வெளியே வருகிறது. சர்வீஸ் நம்பர் என்ன? எந்த ரெஜிமென்ட்? சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, கடைசிப் பதவி? அமெரிக்க மாணவர் ஒலிப்பதிவைத் தொடங்குமுன் நிரப்பும் தன்விவரப் படிவமும் பிரிவு, படையணி, பணிக்காலம், பதவி என்றே கேட்கிறது. ஒரே கேள்விகள்தான்; இங்கே பதில் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, அங்கே காப்பகத்துக்கு. அங்கே படிவம் முடிந்ததும் பேச்சைக் கேட்கிறார்கள். இங்கே படிவம் முடிந்ததும் மாணவர் நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். பெரியவர் மட்டும் திறந்த புத்தகத்தோடு இன்னும் கொஞ்சம் பேசத் தயாராக இருக்கிறார்.

காலத்தைப் பொறுத்தவரை நம் பக்கமே தராசு சாய்கிறது என்பேன். அரை மணி நேரத்தில் அறிமுகமற்றவரிடம் வருவது பெரும்பாலும் பலமுறை சொல்லிப் பழகிய கதை. கார்கில் வந்துவிடும்; 1987 முதல் 1990 வரை இலங்கையிலிருந்த அமைதிப்படை எளிதில் வராது. தமிழ் பேசும் ஊர்களுக்கு இந்தியச் சீருடையோடு போன தமிழ்ச் சிப்பாய் என்ன பார்த்தார், யாரிடம் எந்த மொழியில் பேசினார் என்பதெல்லாம் ஆறாம் நாள் மாலை, கோயில் திண்ணையில், கேட்காமலே வந்தால்தான் உண்டு. வராமலும் போகலாம்; அந்த மௌனத்தையும் மதிக்கத் தெரிந்தவரே கேட்கத் தகுந்தவர். அமெரிக்கத் திட்டத்திடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தொகுப்பு இருக்கிறது. ஏழு நாள் இல்லை.

நாட்காட்டியும் நமக்கு இசைவாகவே இருக்கிறது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா ஓய்வுபெற்ற 1953 ஜனவரி 14-இன் நினைவாக இந்தியாவில் முன்னாள் படைவீரர் நாள். போகியும் பொங்கலுமாகக் கல்லூரிகள் மூடிக்கிடக்கும் நேரம். அமெரிக்கர்களின் நவம்பர் 11 வகுப்புகள் நடக்கும் பருவத்தில் விழுகிறது. அவர்களின் வசந்த விடுமுறை வர மார்ச் ஆகிவிடும்.

நம்மிடம் இல்லாதது அலமாரி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர்ப் பதிவு இருக்கிறது. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரிதோறும் நலப்பணி அலகு இருக்கிறது. மாணவர் பையில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. இன்னும் வேண்டியது பதிவுகளை வைக்க ஓர் இடமும், பேசியவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஓர் ஒப்புதல் தாளும். பிந்தியதை அமெரிக்கப் படிவத்தைப் பார்த்து ஒரே மாலையில் தமிழில் எழுதிவிடலாம்.