நயினாதீவை விடப் பெரிய ஒரு கட்டம்

கடந்த மாரியில் ஒரு காலை முழுவதும் குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருந்தேன். கடல் கொந்தளிப்பால் நெடுந்தீவுக்கான படகுச்சேவை நிறுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடித்து வீடு திரும்ப நின்ற அம்மா ஒருவர், "தம்பி, நாளைக்காவது ஓடுமோ?" என்று கேட்டார். கைபேசியைப் பார்த்து, "ஓடும் போலக் கிடக்கு, அம்மா" என்றேன். மறுநாளும் ஓடவில்லை.

கைபேசி காட்டும் அந்தப் பதில் எங்கே தயாராகிறது என்று அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

வானிலை எதிர்வுகூறல்களின் அடித்தளம் கணினிக் கொத்துகள். ஏராளமான கணினிகளை அதிவேக வலையமைப்பால் பிணைத்து, ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யவைப்பதே கொத்து. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் அயல் பகுதிகள் தங்கள் எல்லையில் உள்ள காற்று, அமுக்கம், ஈரப்பதன் விபரங்களைப் பரிமாறிக்கொள்ளும். ஒரு கணினி பிந்தினால் மற்றவையும் காத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அருகிலுள்ள பெரிய கொத்துகள் இந்தியாவில் உள்ளன. 2024 செப்டெம்பரில் பூனேயில் 'அர்கா'வும் நொய்டாவில் 'அருணிகா'வும் தொடக்கிவைக்கப்பட்டன. அர்காவின் உச்ச வேகம் 11.77 பெற்றாபிளொப்ஸ், அதாவது செக்கனுக்குச் சுமார் 11,770 இலட்சம் கோடி கணக்குகள். அதன் தரவுக் களஞ்சியம் 33 பெற்றாபைற்.

கணக்கு முடிந்தாலும் வேலை முடிவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி, ஒரே எதிர்வுகூறலைப் பல தடவை ஓட்டுகிறார்கள். குவியும் தரவை ஒப்பிட்டு, புயல் பாதைகள் ஒத்துப்போனால் உறுதியாக எச்சரிக்கலாம். சிதறினால் ஐயம் அதிகம். 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த 'புரெவி', பின்னர் மன்னார் வளைகுடாவில் தேங்கி நின்றது. அப்படியான புயல்களில் இந்த ஒப்பீடு உயிர்காக்கும்.

இனி எங்கள் தீவுகளுக்கு வருவோம். 2025 மே மாதம் அறிமுகமான இந்திய எதிர்வுகூறல் முறைமையின் கட்ட அளவு 6 கிலோமீற்றர், முன்பு 12. ஒரு கட்டம் ஏறத்தாழ 36 சதுர கிலோமீற்றர். நயினாதீவோ 5 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. நெடுந்தீவு ஒன்றரைக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். தீவுகளுக்கிடையிலான ஆழமற்ற கடலும் நீரோட்டமும் அதற்குத் தெளிவாகத் தெரியாது. கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கு எட்டு மடங்காகும்: கட்டங்கள் நான்கு மடங்கு, நேரப் படிகள் இரு மடங்கு.

எனவே கொத்தைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை என்று ஒரே வரியில் வரும் கடல் அறிவித்தல், குறிகட்டுவானில் நிற்பவருக்குப் போதாது. இறங்குதுறைகளில் காற்றுமானியும் அலைமானியும் வைத்து, அந்த அளவீடுகளைக் கொண்டு எதிர்வுகூறலைத் திருத்தலாம். அதற்கு மீக்கணினி தேவையில்லை. சாதாரண கணினியே போதும்.

அன்று நான் கைபேசியை விட்டுவிட்டு, படகோட்டியிடம் கேட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தக் கட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.