மிஸ் பிரௌனின் இடது கை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்தில், எமிலி பிரௌன் என்ற பெண் வலது கையால் ஒரு ரப்பர் குமிழை அழுத்திப் பழகினார். அழுத்த அழுத்தப் பாதரசம் ஏறும். ஏறிய உயரம் பிடியின் வலுவைக் காட்டும். இடது கையின் வலுவைத் தொடக்கத்திலேயே அளந்து குறித்துவைத்தார்கள். பிறகு அந்தக் கைக்குப் பயிற்சியே தரவில்லை. இரண்டு வாரத்துக்குள் வலது கை வலுத்துவிட்டது, அதில் வியப்பில்லை. ஆனால் இடது கையை மீண்டும் அளந்தபோது அதன் வலுவும் 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது.

தியோடேட் ஸ்மித் என்ற இன்னொரு பெண், உலோகத் தகட்டிலுள்ள சிறு துளைக்குள் விளிம்பில் படாமல் ஊசியை நுழைக்கப் பழகினார். அவரும் வலது கையால்தான் பழகினார். அவரது இடது கையும் நடுக்கம் குறைந்து தேறியது. எட்வர்ட் ஸ்கிரிப்சர், ஸ்மித், பிரௌன் ஆகிய மூவர் பெயரிலும் இந்த ஆய்வு 1894இல் அச்சானது. உழைக்காத கைக்கு வலு வந்ததென்றால் மாற்றம் தசையில் மட்டும் நடக்கவில்லை, நரம்பு மண்டலத்தின் மையங்களிலும் நடந்திருக்கிறது என்று அவர்கள் எண்ணினார்கள். ஸ்கிரிப்சர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘குறுக்குக் கல்வி’ எனலாம்.

கல்வி என்ற சொல்லை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். அந்தக் காலத்தில் பெண், கல்வி, நரம்பு ஆகிய மூன்று சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அது பெரும்பாலும் எச்சரிக்கையாகத்தான் இருக்கும். 1873இல் ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் எழுதினார். உடலின் ஆற்றல் அளவானது. வளரும் பெண் அதைப் படிப்பில் செலவழித்தால் கருப்பைக்கு மிஞ்சாது, நரம்புகள் கெடும் என்பது அவர் வாதம். நூல் பல பதிப்புகள் கண்டது. மேரி பட்னம் ஜேக்கோபி என்ற பெண் மருத்துவர், 268 பெண்களிடம் கேட்டறிந்த விவரங்களோடு மறுப்பு எழுதினார். மாதவிடாயின்போது பெண்ணுக்குக் கட்டாய ஓய்வு தேவையில்லை என்ற அந்தக் கட்டுரை 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசையே பெற்றது. பேராசிரியரின் வீட்டுக்குள்ளேயே விழுந்த அடி!

ஆனாலும் ஓய்வுதான் மருந்தாக நீடித்தது. நரம்புத் தளர்ச்சி என்று வந்த பெண்களை ஃபிலடெல்ஃபியா மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார். பாலும் கொழுப்பும் ஊட்டினார். வாசிக்கவும் எழுதவும் தடை விதித்தார். களைத்துப்போன ஆண்களை அவர் மேற்கே அனுப்பினார், குதிரை ஏறவும் மாடு மேய்க்கவும். (நம் பேருந்து நிலையச் சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சி’ ஆண்களின் வியாதியாகிவிட்டது வேறு கதை.) 1887இல் மிட்செலிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தன் ஊரான ப்ராவிடென்ஸில் பெண்களுக்கான உடற்பயிற்சிக்கூடம் அமைய உழைத்தவர். உடலைப் பயிற்சியால் கட்டியெழுப்பிய பெண்ணிடம் அசையாதே என்றார்கள். அந்தச் சிகிச்சை தன்னைப் பைத்தியத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனதாக அவர் பின்னாளில் எழுதினார். 1892இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதை அங்கிருந்து பிறந்தது.

முனைவர் பட்டப் படிப்பை யேல் பெண்களுக்குத் திறந்ததும் அதே 1892இல்தான். இளங்கலை வகுப்புக்குள் பெண்கள் நுழைய 1969 ஆகவேண்டியிருந்தது. ஸ்மித் 1896இல் முனைவரானார். பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹாலிடம் ஆய்வு உதவியாளரானார். உயர்கல்வி பெண்ணின் தாய்மையைக் கெடுக்கும் என்று எழுதியவர்தான் இந்த ஹால். அவருடைய ஆய்வுகளுக்குத் தோள் கொடுத்தவர் ஒரு முனைவர் பெண்.

எமிலி பிரௌனின் கையில் நடந்தது என்ன? எடை தூக்கத் தொடங்கும் முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாகப் பருப்பதில்லை. வலு மட்டும் கூடுகிறது. மொரிதானியும் டிவ்ரீஸும் 1979இல் இதை அளந்து காட்டினார்கள். பழக்கமில்லாத உடல் தன்னிடமுள்ள தசை நார்கள் அனைத்தையும் ஒருசேர வேலைக்கு அழைப்பதில்லை. பயிற்சியில் மூளைப் புறணியிலிருந்து இறங்கும் கட்டளை வலுக்கிறது. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் கூடுதலாக விழிக்கின்றன, விரைவாகத் துடிக்கின்றன. எதிர்த்திசையில் இழுக்கும் தசை விட்டுக்கொடுக்கப் பழகுகிறது. வலது கையை இயக்கும்போது மூளையின் இடப்பாதி மட்டும் உழைப்பதில்லை, வலப்பாதியும் கிளர்கிறது. இடது கை கற்றது அப்படித்தான். தமிழில் நரம்பு என்ற சொல் யாழுக்கும் உரியது. முறுக்கேற்றினால்தான் அது பேசும். மிட்செலுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

2010இல் டெரசா லியு-ஆம்ப்ரோஸ் குழுவினர் கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயது வரையிலான 155 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஓராண்டு எடைப்பயிற்சி செய்த பெண்கள், கவனம் சிதறாமல் விடை சொல்லும் சோதனையில் தேறினார்கள். சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் தேறவில்லை. கிளார்க் அஞ்சிய வயதையெல்லாம் தாண்டிய பெண்கள் இவர்கள்.

கனடாவிலேயே சஸ்காச்சுவானில், மணிக்கட்டு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் நல்ல கைக்கு மட்டும் பிடிப்பயிற்சி தந்தார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்து, கீழே விழுந்ததும் முதலில் முறிவது பெரும்பாலும் மணிக்கட்டுதான். முறிந்து 12 வாரம் கழித்து அளந்தபோது, பயிற்சி செய்த பெண்களின் முறிந்த கை மற்றவர்களுடையதைவிட வலுவாகப் பிடித்தது. 26 வாரத்தில் இரு குழுவும் சமமாகிவிட்டன. மூன்று மாதம்தானே என்று கேட்கலாம். ஒரு கையில் மாவுக்கட்டோடு சமையலறையில் நின்றவள் அப்படிக் கேட்கமாட்டாள்.