எஞ்சின் மாற்றமும் புகை விதிகளும்

ஓடிய எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவது எஞ்சின் மாற்றம். கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறை வண்டிகள் மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டி.என். 75 என்ற எண்ணில் பதிவாகின்றன. எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து கேரளத்துக்குள் போனாலும் சட்டம் ஒன்றே: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும்.

பெட்ரோல் ஜீப்பிலும் அம்பாசிடரிலும் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டும் பழக்கம் ஒரு காலத்தில் நாடெங்கும் பரவலாக இருந்தது. எரிபொருள் செலவு குறைந்ததே காரணம். புகையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மத்திய விதிகளில் உள்ள விதி 115தான் முதல் கடிவாளம். புதிய பெட்ரோல் வண்டிகளுக்கு 1991இலும் டீசல் வண்டிகளுக்கு 1992இலும் புகை வரம்புகள் வந்தன. 1991இல் பெட்ரோல் காருக்கு அனுமதித்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் எடையைப் பொறுத்து கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை. 2000இல் அது 2.72 கிராமாக இறங்கியது. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தரங்களில் பி.எஸ். 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 அன்றும், பி.எஸ். 6 2020 ஏப்ரல் 1 அன்றும் அமலாயின. இந்த மாற்றத்தில் டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 ஆனது. வண்டி எந்தத் தரத்தில் பதிவானதோ, ஏற்றும் எஞ்சின் அதற்குக் கீழே இறங்கலாகாது.

சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் இறுகியது: தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை உறுதிசெய்தது. அதே வகை எஞ்சினானாலும் அனுமதி வாங்கி, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) எஞ்சின் எண்ணைத் திருத்த வேண்டும். முன் அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மீறி மாற்றிய உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தின்படி, ஆறு மாதம் வரை சிறையோ மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

புகைச் சான்று இருந்தால் போதும் என்று பலர் நம்புவது ஆபத்தானது. அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசலில் புகையின் அடர்த்தியையும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. சோதனையில் தேறிய வண்டியும் 52ஆம் பிரிவை மீறியதாக இருக்கலாம். எஞ்சினோடு அதன் கணினி, சென்சார்கள், வினையூக்கி ஆகியவையும் ஒத்துப்போனால்தான் புகை கட்டுப்படும்.

3.5 டன்னுக்குக் குறைந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் சி.என்.ஜி., எல்.பி.ஜி. எஞ்சின் பொருத்த 2022 ஆகஸ்டில் வழி திறந்தது. அங்கீகாரம் பெற்ற மின்சார மாற்றுக் கருவிகளுக்கும் அனுமதி உண்டு.