வெட்டை நோய்: தொண்டையில் ஒளிஞ்சிருக்கும் கிருமியோட வரலாறு

கொஞ்சம் நீளமான இழை. "இதையெல்லாமா பொதுவுல பேசுவாங்க"ன்னு தாண்டிப் போயிடாதீங்க.

நம்ம பரமத்தி வேலூர் பக்கம் ஓ.பி.க்கு வந்து "ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க, சூடு புடிச்சிருச்சு"ன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சாதாரண நீர்க்கடுப்புதான். இளநீர், மோர் எல்லாம் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் வருவாங்க. ஆனா கூடவே சீழும் வடியுதுன்னா அது சூடு இல்லைங்க.

அதுக்கு நம்ம பழைய பேர் வெட்டை. மருத்துவத்துல கொனோரியா. வெள்ளைப்படுதல், உடம்புச் சூடு எல்லாத்துக்குமே வெட்டைங்கற அதே சொல்லைத்தான் நாம புழங்கினோம். இதுக்கு நம்மளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டுல லண்டனின் பெரிய சர்ஜன் ஜான் ஹண்டரே வெட்டையும் சிபிலிஸும் ஒரே நோய்னுதான் நம்பினார். ரெண்டும் வேறன்னு பாரிஸ்ல ரிக்கோர்ட் 1838-ல் பிரிச்சுக் காட்டினார். 1879-ல் ஆல்பர்ட் நைசர்ங்கற 24 வயசு டாக்டர் மைக்ராஸ்கோப்ல கிருமியையே பார்த்துட்டார். காப்பிக்கொட்டை மாதிரி, ஜோடி ஜோடியா.

இந்தக் கிருமிக்கு ஈரமான சவ்வு வேணும். சிறுநீர்க்குழாய், கர்ப்பப்பை வாய், மலக்குடல், கண், தொண்டை. தொண்டைங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில அங்கதான் வரப்போறோம்.

ஆணுக்கு வந்தா பெரும்பாலும் வலிக்கும், சீழ் வரும், தெரிஞ்சிடும். பெண்கள்ல பாதிப்பேருக்கு மேல ஒரு அறிகுறியும் இருக்காது. சத்தமில்லாம கருக்குழாய்க்கு ஏறி அடைச்சிடும். வருஷக்கணக்கா குழந்தை இல்லைன்னு கோயில் கோயிலா அலையறவங்கள்ல சிலருக்குக் காரணம், என்னைக்கோ கவனிக்காம விட்ட இந்த மாதிரி ஒரு தொற்றா இருக்கலாம். பேச்சு வாங்கறது என்னவோ அந்தப் பெண்தான்.

இது புதுசும் இல்லை. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு நோய் வருதுன்னு 1868-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுல தொற்றுநோய்ச் சட்டம் ஒண்ணு போட்டுச்சு. பாலியல் தொழில்ல இருந்த பெண்களைப் பதிவு பண்ணி, கட்டாயமா பரிசோதிச்சு, லாக் ஹாஸ்பிட்டல்னு ஒண்ணுல அடைச்சாங்க. மெட்ராஸ் மாகாணத்துலயும் நடந்துச்சு. சிப்பாயைப் பதிவும் பண்ணலை, அடைக்கவும் இல்லை. அப்போ வெட்டையைக் குணப்படுத்த மருந்தே கிடையாது, அப்புறம் எதுக்கு அடைச்சாங்கன்னு நீங்களே யோசிங்க. 1888-ல் சட்டத்தை வாபஸ் வாங்கினாங்க.

மருந்துன்னு உருப்படியா வந்தது 1930-களோட கடைசியில, சல்ஃபா மாத்திரை. பத்து வருஷத்துக்குள்ள கிருமி அதைத் தின்னு ஏப்பம் விட்டுடுச்சு. 1943-ல் பெனிசிலின். ஆரம்பத்துல 2 லட்சம் யூனிட்டுக்கும் குறைவாவே போதும். 1970-கள்ல அதே நோய்க்கு 48 லட்சம் யூனிட் குத்த வேண்டி வந்துச்சு. 1976-ல் பெனிசிலினை உடைச்சுப் போடற நொதியோட கிருமி வந்ததும் அந்தக் கதை முடிஞ்சுது. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின். அதுவும் போச்சு.

இதுக்கு நடுவுல நம்மாளுங்க வேலையும் இருக்கு. மெட்ராஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டல்ல ஆர்.வி.ராஜம் வளர்த்த பால்வினை நோய்த் துறை உலகம் மதிச்ச துறை. டோனோவனோசிஸ்ங்கற இன்னொரு பிறப்புறுப்புப் புண் நோயைப் பத்தி அவரும் ரங்கையாவும் எழுதின நூலை உலக சுகாதார நிறுவனமே 1954-ல் வெளியிட்டுச்சு. 1986-ல் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவுல முதன்முதலா ஹெச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சதும் மெட்ராஸ்லதான். ரத்தத்தை டெஸ்ட் பண்ணது வேலூர்ல. நம்ம வேலூர் இல்லைங்க, சி.எம்.சி. இருக்கற வேலூர்.

அதோட தொடர்ச்சி நம்ம ரோட்டுக்கு வந்துச்சு. நாமக்கல் லாரி, திருச்செங்கோடு ரிக் வண்டி. மாசக்கணக்கா வீட்டை விட்டு வெளியூர்ல இருக்கற ஆம்பளைங்க. தமிழ்நாட்டுல ஹெச்.ஐ.வி. அதிகம் இருந்த மாவட்டங்கள்ல நாமக்கல் ஒண்ணு. வெட்டை இருந்தா ஹெச்.ஐ.வி. சுலபமா தொத்தும், அதனால வெட்டையை முதல்ல குணப்படுத்துன்னு அரசுக்கு அப்போதான் உறைச்சுது. லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அறிகுறியை வச்சே கொடுக்கற கலர் கலர் மருந்துப் பாக்கெட்டுகள் வந்துச்சு. சீழுக்கு சாம்பல் கலர் பாக்கெட்: செஃபிக்சிம், அசித்ரோமைசின். ஒரே வேளை, இலவசம். ஓடற வண்டியை நிறுத்திட்டு வர்ற டிரைவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாதுன்னு இன்னைக்கும் சொல்வேன்.

இப்போ தொண்டைக்கு வருவோம். வாய்வழி உறவுல கிருமி அங்க போய் உட்காரும். பெரும்பாலும் வலி கூட இருக்காது. நம்ம எல்லார் தொண்டையிலயும் அதோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரக் கிருமிகள் நோய் எதுவும் பண்ணாம குடியிருக்கு. நாம சளி, காய்ச்சல்னு முழுங்கற ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கையும் பார்த்துப் பழகினதுங்க அதெல்லாம். வெட்டைக் கிருமி பக்கத்து வீட்டுல கடன் வாங்கற மாதிரி அதுங்க கிட்ட இருந்து மரபணுத் துண்டுகளை எடுத்துக்கும். மருந்தை எதிர்க்கற வித்தையும் அதோட வந்துடும். தொண்டைக்கு மருந்து சரியா போய்ச் சேர்றதும் குறைவு.

2009-ல் ஜப்பானோட கியோட்டோவுல செஃப்ட்ரியாக்சோனுக்கே அசையாத கிருமி கிடைச்சுது. எடுத்த இடம் ஒரு பெண்ணோட தொண்டை. 2018-ல் இங்கிலாந்துல ஒருத்தருக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாங்க, சிறுநீர்க்குழாய் சுத்தம், தொண்டையில கிருமி அப்படியே. வேற ஊசி, அப்பவும் தொண்டையில இருக்கு. கடைசியில எர்டாபெனெம்னு, நாங்க பெரிய தொற்றுக்குன்னு எடுத்து வைக்கற மருந்தை மூணு நாள் நரம்புல ஏத்தினப்புறம்தான் போச்சு.

இங்க நடக்கறது என்னன்னா, மெடிக்கல்ல போய் "எரிச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க"ன்னு சிப்ரோ வாங்கி முழுங்கறது. அது இப்போ வெட்டைக்கு வேலை செய்யாது, மத்த கிருமிகளுக்கு டிரெய்னிங்தான் கொடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில சுகவாழ்வு மையம் எங்கன்னு கேட்டு வாங்க. துணையையும் கூட்டிட்டு வாங்க, ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் பண்ணா திரும்ப வரும். ஒரு வாரத்துல சீழ் நிக்கலைன்னா மறுபடி வாங்க. வாய்வழி உறவு இருந்தா, நாங்க கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. கூட்டத்துல கேட்க விட்டுடறோம், சில சமயம் கேட்கக் கூச்சமும் படறோம்.