நீங்களே கிளார்க்!

வேலைவாய்ப்பு அலுவலகம் முதலில் யாருக்காகத் தொடங்கப்பட்டது தெரியுமா? நமக்காக அல்ல! உலகப்போர் முடிந்து, 1945-ல் துப்பாக்கியைக் கீழே வைத்த சிப்பாய்களுக்காக. (பட்டாளத்துக்கு ஏராளமான பிள்ளைகளை அனுப்பிய வேலூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள்.) 1948-ல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1997-ல் சஞ்சீவ் பிக்சந்தானி பத்திரிகை விளம்பரங்களைத் திரட்டி 'நௌக்ரி' இணையதளத்தைத் தொடங்க, க்யூ கம்ப்யூட்டருக்குள் போயிற்று.

அலுவலகத்தில் கிளார்க் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். இணையத்தில் நீங்களேதான் கிளார்க்! ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்தவர் வெறுமனே 'டெய்லர்' என்று போட்டால், ஜாக்கெட் தைப்பவர்கள் கூட்டத்தில் காணாமல் போவார். கட்டிங்கா, அப்பர் தையலா, லாஸ்டிங்கா, எந்த மெஷின், எத்தனை வருஷம்... அத்தனையும் எழுதுங்கள். 'முதலில் பணம் கட்டுங்க' என்று பதில் வந்தால்? பேசாமல் அடுத்த கம்பெனியைப் பாருங்க, ஸார்!