பொருளாதாரப் பின்னடைவுக் காலப் பயணச் சலுகைகள்

பொருளாதாரப் பின்னடைவுக் காலப் பயணச் சலுகைகள் என்பன, ஒரு நாட்டின் அல்லது உலகின் பொருளாதாரம் சுருங்கும் காலங்களில் வானூர்தி நிறுவனங்கள், தங்குவிடுதிகள், கப்பல் சுற்றுலா நிறுவனங்கள், சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனங்கள் ஆகியவை தம் விற்பனையைத் தக்கவைத்துக் கொள்ள அளிக்கும் விலைக்குறைப்புக்களையும், அவற்றைப் பயணிகள் தேடிப் பெறும் வழிமுறைகளையும் குறிக்கும். மக்களின் வருமானம் குறையும்போது முதலில் கைவிடப்படும் செலவுகளுள் சுற்றுலாவும் ஒன்று. ஆகவே பின்னடைவுக் காலங்களில் பயணத் தேவை விரைவாக வீழ்கின்றது. கட்டணங்களும் பெரும்பாலும் உடன் வீழ்கின்றன. எனினும் கட்டணத்தைக் குறைக்கும் அதே நெருக்கடி, அதை விற்கும் நிறுவனத்தையும் வீழ்த்தக்கூடும். இதனால் முன்கூட்டியே செலுத்திய பணத்தின் பாதுகாப்பு இத்தகைய சலுகைகளில் முதன்மையான சிக்கலாக உள்ளது.

பொருளியல் அடிப்படை

வானூர்தி இருக்கையும் விடுதி அறையும் சேமித்து வைக்க இயலாத பொருட்கள் ஆகும். வானூர்தி புறப்பட்ட பின்னர் வெற்று இருக்கைக்கு எந்த மதிப்பும் இல்லை. இரவு கழிந்த பின் காலி அறைக்கும் இல்லை. வானூர்தியின் எரிபொருள், ஊழியர் ஊதியம், குத்தகை போன்ற செலவுகள் பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. எனவே கூடுதலாக ஒரு பயணியை ஏற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அச்செலவுக்கு மேல் கிடைக்கும் எந்தத் தொகையும் நிறுவனத்துக்கு ஆதாயமே.

ஆயினும் நிறுவனங்கள் எல்லா வெற்று இருக்கைகளையும் மலிவாக விற்பதில்லை. எடுத்துக்காட்டாக, 180 இருக்கைகள் கொண்ட ஒரு வானூர்தியில் 120 இருக்கைகள் தலா 5,000 ரூபாய்க்கு விற்பனையாகும் எனக் கொள்வோம். எஞ்சியவற்றுள் 40 இருக்கைகளை 2,000 ரூபாய்க்கு விற்றால் 80,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் முழுக் கட்டணம் செலுத்தியிருக்கக்கூடிய 120 பேரில் 30 பேர் இம்மலிவு விலைக்கு மாறிவிட்டால் 90,000 ரூபாய் இழப்பு ஏற்படும். அதாவது வானூர்தியில் கூடுதல் பயணிகள் இருந்தும் வருவாய் 10,000 ரூபாய் குறையும்.

இவ்விழப்பைத் தவிர்க்கவே மலிவுக் கட்டணங்களுடன் கட்டுப்பாடுகள் இணைக்கப்படுகின்றன. பல நாட்களுக்கு முன்னரே வாங்க வேண்டும், பணம் திருப்பித் தரப்படமாட்டாது, சனிக்கிழமை இரவு தங்கியிருக்க வேண்டும் என்பன இவற்றுள் சில. வணிகப் பயணிகளால் இந்நிபந்தனைகளை எளிதில் நிறைவேற்ற இயலாது என்பதே இவற்றின் நோக்கம். ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு வானூர்திக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பின்னர் 1985 ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், குறைந்த கட்டண நிறுவனமான பீப்பிள் எக்ஸ்பிரசுடன் போட்டியிட இம்முறையைக் கணினி வழியாகப் பெரிய அளவில் செயற்படுத்தியது. இது வருவாய் மேலாண்மை எனப்படுகின்றது.

வரலாறு

1970களும் 1980களும்

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து ஐரோப்பியச் சுற்றுலாத் தொழில் பெரும் இழப்பைச் சந்தித்தது. மலிவான முழுத்தொகுப்புச் சுற்றுலாக்களை விற்றுவந்த பிரித்தானியாவின் கோர்ட் லைன் நிறுவனம் 1974 ஆகஸ்ட் மாதம் நொடித்துப் போனது. பல்லாயிரக்கணக்கான பயணிகள் வெளிநாடுகளில் சிக்கிக்கொண்டனர். 1977 ஆம் ஆண்டு லேக்கர் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டன்–நியூயார்க் இடையே முன்பதிவற்ற 'ஸ்கைட்ரெயின்' சேவையைத் தொடங்கி, இலண்டனிலிருந்து ஒருவழிப் பயணத்துக்கு 59 பவுண்டு கட்டணம் பெற்றது. பின்னடைவும் போட்டியும் சேர்ந்து அந்நிறுவனத்தை 1982 பெப்ரவரியில் வீழ்த்தின.

2001

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் வானூர்திப் பயணத்தின் தேவை திடீரென வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் அன்செட், சுவிட்சர்லாந்தின் சுவிஸ்ஏர், பெல்ஜியத்தின் சபேனா ஆகியவை அவ்வாண்டு இறுதிக்குள் நெருக்கடிக்குள்ளாயின. எரிபொருளுக்குச் செலுத்தப் பணமின்றி 2001 அக்டோபர் 2 அன்று சுவிஸ்ஏரின் வானூர்திகள் தரையிறக்கப்பட்டன. காலி அறைகளை நிரப்ப முடியாத விடுதிகள் எக்ஸ்பீடியா, பிரைஸ்லைன், ஹாட்வயர் போன்ற இணைய விற்பனையாளர்களைப் பெருமளவில் நாடின.

இதே காலத்தில் குறைந்த கட்டண நிறுவனங்கள் வளர்ச்சி அடைந்தன. வானூர்தி தயாரிப்பாளர்களுக்கு வாங்குவோர் இல்லாத நிலையைப் பயன்படுத்தி, ரையன்ஏர் 2002 சனவரியில் 100 போயிங் 737-800 வானூர்திகளுக்கும், ஈசிஜெட் 2002 அக்டோபரில் 120 ஏர்பஸ் ஏ319 வானூர்திகளுக்கும் கேள்வி கொடுத்தன. பின்னடைவுக் காலத்தில் மலிவாகப் பெற்ற வானூர்திகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் குறைந்த கட்டணங்களுக்கு வழிவகுத்தன.

2008–2009

2008 சூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரை எட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. முதற்பாதியில் எரிபொருட் செலவும் இரண்டாம் பாதியில் நிதி நெருக்கடியும் நிறுவனங்களைத் தாக்கின. ஐக்கிய அமெரிக்காவில் அலோகா, ஏடிஏ ஆகிய நிறுவனங்களின் பயணிகள் சேவைகள் 2008 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையே நின்றன. செப்டம்பர் 12 அன்று பிரித்தானியாவின் எக்ஸ்எல் நிறுவனம் வீழ்ந்தபோது அதன் வாடிக்கையாளர் 80,000 இற்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் இருந்தனர்.

2009 ஆம் ஆண்டில் உலகளாவிய பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்தது. வேலை இழப்பு அச்சமே மக்களைத் தடுக்கின்றது என்பதை உணர்ந்த ஜெட்புளூ நிறுவனம், பயணச்சீட்டு வாங்கியபின் வேலை இழப்போருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை 2009 பெப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 599 டாலருக்கு ஒரு மாதம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் பறக்கும் சீட்டை அது வழங்கியது.

எடுத்துக்காட்டு: லாஸ் வேகாஸ்

பின்னடைவுக் கால விலை வீழ்ச்சிக்கு லாஸ் வேகாஸ் நகரம் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். 2007 ஆம் ஆண்டு அங்கு ஓர் இரவுக்கான சராசரி அறைக் கட்டணம் ஏறத்தாழ 132 டாலராக இருந்தது. 2009 இல் அது 93 டாலராகக் குறைந்தது. இது ஏறத்தாழ 30 விழுக்காடு வீழ்ச்சி ஆகும். ஆனால் நிரம்பிய அறைகளின் பங்கு 90 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடு அளவுக்கே இறங்கியது. சூதாட்டக் கூடம், உணவு, நிகழ்ச்சிகள் ஆகியவற்றிலிருந்தும் வருவாய் ஈட்டும் விடுதிகளுக்கு, அறையைக் காலியாக வைப்பதைவிட மலிவாகக் கொடுத்து விருந்தினரை உள்ளே வரவழைப்பதே ஆதாயமாக இருந்தது. வளர்ச்சிக் காலத்தில் தொடங்கப்பட்ட சிட்டிசென்டர் வளாகம் 2009 டிசம்பரில் திறக்கப்பட்டு மேலும் பல ஆயிரம் அறைகளைச் சந்தையில் சேர்த்தது.

சலுகைகளின் வகைகள்

* இறுதிநேரச் சலுகை: புறப்பாட்டுக்குச் சில நாட்களே இருக்கையில் விற்கப்படும் சுற்றுலாத் தொகுப்புக்கள். ஒப்பந்த அடிப்படையில் இருக்கைகளையும் அறைகளையும் முன்னரே வாங்கிவிட்ட ஏற்பாட்டு நிறுவனங்கள் இவற்றை வழங்குகின்றன. அட்டவணைப்படி இயங்கும் வானூர்திகளில் இறுதிநேரக் கட்டணம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.
* பெயர் மறைத்த விற்பனை: விடுதியின் தரமும் அமைந்துள்ள பகுதியும் மட்டும் காட்டப்பட்டு, பணம் செலுத்திய பின்னரே பெயர் தெரிவிக்கப்படும். விடுதி தன் வெளிப்படையான விலையைக் குறைக்காமலேயே காலி அறைகளை விற்க இது உதவுகின்றது.
* கூடுதல் இரவு: விலையைக் குறைக்காமல் மூன்று இரவுகளுக்குப் பணம் பெற்று நான்காவது இரவை இலவசமாகத் தருதல்.
* இடமாற்றக் கப்பல் பயணம்: பருவம் மாறும்போது கப்பல்கள் ஒரு கடற்பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கையில் விற்கப்படும் ஒருவழிப் பயணம்.

நாணய மதிப்பிறக்கம்

பின்னடைவு ஒரு நாட்டின் நாணய மதிப்பைக் குறைத்தால், கட்டணங்கள் மாறாவிடினும் வெளிநாட்டவருக்கு அந்நாடு மலிவாகின்றது. 2002 இல் அர்ஜென்டினாவிலும், 2008 இல் வங்கிகள் வீழ்ந்த பின்னர் ஐஸ்லாந்திலும் இது நிகழ்ந்தது. இதன் மறுபக்கமாக, 2008 இறுதியில் பவுண்டின் மதிப்பு ஏறத்தாழ யூரோவுக்கு இணையாக இறங்கியதால் பிரித்தானியர் பலர் 2009 இல் உள்நாட்டிலேயே விடுமுறையைக் கழித்தனர்.

மலிவு மட்டுமே பயணத்தை எளிதாக்குவதில்லை. 2022 இல் இலங்கை ரூபாயின் மதிப்பு சில மாதங்களில் டாலருக்கு ஏறத்தாழ 200 இலிருந்து 360 வரை வீழ்ந்தது. எனினும் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் நிலவியதால் அம்மலிவை அனுபவிக்கப் பயணிகள் போதிய அளவில் வரவில்லை.

சலுகைகளைக் கண்டறிதல்

பயண நாளையும் இடத்தையும் மாற்றிக்கொள்ள இயலுவோரே பெரும்பாலும் குறைந்த கட்டணங்களைப் பெறுகின்றனர். உச்சப் பருவத்துக்குச் சற்று முன்னரும் பின்னரும் உள்ள வாரங்களில் விலை கணிசமாகக் குறைகின்றது. வணிகப் பயணிகளை நம்பியுள்ள நகர விடுதிகள் வார இறுதியிலும், விடுமுறைத் தலங்கள் வார நடுவிலும் மலிவாக இருக்கும்.

ஒரே வானூர்தியின் இருக்கைகள் பல கட்டண வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மலிவான வகுப்பில் மூன்று இருக்கைகளே எஞ்சியிருக்கும்போது நால்வருக்கு ஒன்றாகத் தேடினால், பல முன்பதிவு முறைமைகள் நால்வருக்கும் அடுத்த உயர் வகுப்பின் கட்டணத்தையே காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து ஒப்பிடுவதன் மூலம் இதை அறியலாம்.

மாற்று வானூர்தி நிலையங்களும் செலவைக் குறைக்கக்கூடும். எனினும் தொலைவைக் கணக்கிட வேண்டும். ஃபிராங்க்ஃபுர்ட்-ஹான் நிலையம் ஃபிராங்க்ஃபுர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

மறைமுகக் கட்டணங்கள்

பின்னடைவுக் காலங்களில் அறிவிக்கப்படும் கட்டணம் குறைந்தாலும் துணைக் கட்டணங்கள் உயர்வது உண்டு. 2008 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஒப்படைக்கப்படும் முதல் பயணப்பெட்டிக்கு 15 டாலர் பெறப்போவதாக அறிவித்தது. எண்ணெய் விலை உயர்வே காரணம் எனக் கூறப்பட்டது. பிற நிறுவனங்கள் பலவும் இதைப் பின்பற்றின. எண்ணெய் விலை வீழ்ந்த பின்னரும் இக்கட்டணம் நீக்கப்படவில்லை. நெடுங்காலம் இதைத் தவிர்த்து வந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே மாதம் இதை அறிமுகப்படுத்தியது.

இதனால் முழு விலையைக் காட்டுவது தொடர்பான சட்டங்கள் இயற்றப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 நவம்பர் முதலும், ஐக்கிய அமெரிக்காவில் 2012 சனவரி முதலும் வரிகள் உள்ளிட்ட மொத்த வானூர்திக் கட்டணத்தை விளம்பரத்தில் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்க விடுதிகளின் கட்டாயத் துணைக் கட்டணங்களுக்கு இத்தகைய விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

நிறுவனம் நொடித்துப் போகும் இடர்

பயணத் துறையில் பணம் முன்னரே பெறப்பட்டுச் சேவை பின்னர் அளிக்கப்படுகின்றது. நெருக்கடியில் உள்ள நிறுவனம் அன்றாடச் செலவுக்குப் பணம் திரட்டவும் பெரும் தள்ளுபடி அறிவிக்கக்கூடும். ஆகவே ஒரு சலுகையின் கவர்ச்சி, சில வேளைகளில் விற்பவரின் நிதி நிலைமையைக் காட்டும் அறிகுறியாகவும் அமைகின்றது.

ஐக்கிய இராச்சியத்தில் 1973 இல் தொடங்கப்பட்ட அட்டோல் உரிம முறை, தொகுப்புச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. 2009 அக்டோபர் முதல் இதற்கெனப் பயணி ஒருவருக்கு 2.50 பவுண்டு பெறப்படுகின்றது. 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 150,000 பேர் நாட்டுக்கு அழைத்து வரப்பட்டனர். வானூர்திச் சீட்டை மட்டும் தனியாக வாங்கியோருக்கு இப்பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. எனினும் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலையுள்ள சேவையைக் கடன் அட்டை மூலம் வாங்கியிருந்தால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின்படி அட்டை நிறுவனத்திடம் இழப்பைக் கோரலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் குறைந்த கட்டணப் பறப்பை 2003 ஆம் ஆண்டு கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் தொடங்கி வைத்தது. சில இருக்கைகளை ஒரு ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு விற்று அது புகழ்பெற்றது. பின்னர் கிங்ஃபிஷர் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் முன்பதிவு செய்திருந்த பயணிகள் பாதிக்கப்பட்டனர். அட்டோலுக்கு இணையான காப்பு நிதி இல்லாத நிலையில், திவால் நடவடிக்கை தொடங்கிய பின்னர் பயணி தன் பணத்துக்காக மற்றக் கடனீந்தோருடன் சேர்ந்து காத்திருக்க வேண்டியுள்ளது.

2020 கொள்ளைநோய்க் காலம்

2020 இல் பன்னாட்டுச் சுற்றுலா 70 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. ஆனால் எல்லைகள் மூடப்பட்டிருந்ததால் இது வழமையான பின்னடைவிலிருந்து வேறுபட்டது. இந்தியாவில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணங்களுக்கு அரசு வரம்பு விதித்தது. அதில் மேல் வரம்புடன் கீழ் வரம்பும் இருந்தது. நலிந்த நிறுவனங்கள் விலைப் போரில் அழியாதிருக்க இது உதவும் எனக் கருதப்பட்டது. பல நிறுவனங்கள் பணத்துக்கு மாற்றாகக் கடன் சீட்டுக்களை வழங்கின. பயணிகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது குறித்து 2020 அக்டோபர் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது.

இவற்றையும் பார்க்க

* பொருளாதாரப் பின்னடைவு
* குறைந்த கட்டண வானூர்தி நிறுவனம்
* வருவாய் மேலாண்மை
* தொகுப்புச் சுற்றுலா
* நுகர்வோர் பாதுகாப்பு