கைனேஸ் தடுப்பான்கள்: படிகத்தைப் பார்த்து மருந்து செய்த வரலாறு

கைனேஸ் என்பது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து இன்னொரு புரதத்தின் மேல் ஏற்றும் நொதி. மனித உடலில் இவ்வகை நொதிகள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. செல் எப்போது பெருக வேண்டும் என்ற ஆணைகளில் பல இவற்றின் வழியாகவே போகின்றன. ஒரு கைனேஸ் ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருந்தால் அது புற்றுநோய்க்கு வழிவிடும். ஏடிபி வந்து அமரும் பள்ளத்தை அடைத்து நொதியை முடக்குபவையே பெரும்பாலான தடுப்பான்கள்.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறப்பதுதான் பிசிஆர்-ஏபிஎல் என்னும் அடங்காத கைனேஸ்.

அதை அடக்கிய இமாட்டினிப், புரதத்தின் படிகத்தைப் பார்த்து வடிவமைத்த மருந்து என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பாசல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் யூர்க் சிம்மர்மன் அதை உருவாக்கியபோது ஏபிஎல்லின் படிக வடிவம் யாரிடமும் இல்லை. வேறொரு கைனேஸுக்காகக் கிடைத்த சேர்மத்தில் துண்டு துண்டாக மாற்றம் செய்து சோதித்தார்கள். ஓரிடத்தில் ஒரேயொரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும், பழைய இலக்கின் மீதிருந்த பிடி அற்றுப்போனது. நீரில் கரைவதற்காகப் பைப்பரசின் வளையம் ஒட்டப்பட்டது. பிரையன் ட்ரூக்கர் 1998இல் தொடங்கிய முதல் மருத்துவச் சோதனையில், நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது.

படம் வந்தது 2000இல். ஜான் குரியன் குழுவின் படிகத்தில் இம்மருந்தின் நெருங்கிய உறவு மூலக்கூறு ஒன்று, ஏபிஎல் உறங்கும் நிலையில் இருக்கும்போது அதைப் பற்றியிருந்தது. விழித்திருக்கும்போது கைனேஸ்கள் ஒன்றுபோலவே தோன்றும். உறக்கத்தில்தான் வேறுபாடு தெரியும். இமாட்டினிப் மற்ற கைனேஸ்களை அதிகம் சீண்டாததன் காரணம் அப்போதுதான் புலப்பட்டது.

கட்டமைப்பை முன்வைத்த வடிவமைப்பு உண்மையில் கைகொடுத்தது, நோய் மருந்துக்கு மசியாமல் போனபோது. ஏபிஎல்லின் 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தோடு இமாட்டினிப் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்திருக்கிறது. சில நோயாளிகளில் அங்கே ஐசோலியூசின் வந்துவிட்டதை 2001இல் சார்லஸ் சாயர்ஸின் ஆய்வகம் கண்டது. பிணைப்பும் போயிற்று, பருத்த பக்கச் சங்கிலி வழியையும் மறித்தது. படிகத்தைப் பார்த்துச் செதுக்கிய நிலோடினிப் (2007) மற்றப் பல பிறழ்வுகளை வென்றும் இதனிடம் தோற்றது. பொனாட்டினிப்பை (2012) வடிவமைத்தவர்கள் நடுவே கார்பன்-கார்பன் முப்பிணைப்பை வைத்தார்கள். குச்சிபோல் நேரான அந்தப் பகுதி ஐசோலியூசினை உரசாமல் நழுவி உள்ளே போய்விடும். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான வேலை இதுதான். ஆனால் இரத்தக் குழாய் அடைப்பு பலருக்கு ஏற்பட்டதால் 2013இல் அமெரிக்காவில் அதன் விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

இயல்பான ஏபிஎல்லின் முனையில் ஒரு கொழுப்பு வால் உண்டு. அது நொதியின் வேறொரு குழியில் செருகிக்கொண்டு பூட்டாக நிற்கும். பிசிஆர் ஒட்டும்போது அந்த வால் தொலைந்துவிடுகிறது. 2021இல் அனுமதி பெற்ற அசிமினிப் அந்தக் காலிக் குழியில் அமர்ந்து பூட்டை மீண்டும் போடுகிறது. ஏடிபியின் பள்ளத்தை அது தொடுவதே இல்லை.